எழுநூற்று நாற்பது இலைகள்

டிசம்பர் 4, வியாழன்

ஒன்பதாம் வகுப்புக் கணக்குத் தாள் நாற்பத்தொன்றையும் இன்று ஒரே இருப்பில் திருத்தி முடித்துவிட்டேன். வழக்கமாக மூன்று நாள் முனகிக்கொண்டே திருத்துவேன். காரணம் பியானோ. கைப்பேசியில் ‘இலையுதிர்காலப் பியானோ, மூன்று மணி நேரம்’ என்று ஒன்று அகப்பட்டது. படத்தில் ஒரு பெஞ்சு, சுற்றிலும் ஆரஞ்சு நிற மரங்கள், மேலிருந்து இலை விழுந்துகொண்டே இருக்கிறது. பெஞ்சில் ஆள் இல்லை. பாட்டும் இல்லை. மூன்று மணி நேரம் ஒருவரும் வாய் திறக்கவில்லை, பியானோ மட்டும் பேசிக்கொண்டிருந்தது. எனக்குத் தலை கிறுகிறுத்துவிட்டது.

பதினாலு வயதில் செம்மான்விளை சபை ஆராதனையில் என்னை ஆர்மோனியத்தின் முன் உட்காரவைத்தார்கள். பிறகு கீபோர்டு, போன வருஷத்திலிருந்து பியானோ. திருவனந்தபுரத்தில் யாரோ சின்ன வீட்டுக்கு மாறியபோது சபைக்குக் கொடுத்துவிட்டார்கள். ஆக முப்பது வருஷமாக வாசிக்கிறேன். இதுவரை நான் வாசித்ததை ஒரு ஆள்கூடக் கேட்டதில்லை. நான் வாசிப்பேன், அவர்கள் பாடுவார்கள். பாட்டுக்கு முன்னால் நாலு வரி தனியாக வாசிப்பேனே, அந்த நேரத்தில்தான் எல்லோரும் இருமி முடிப்பார்கள்.

எனக்குப் பாட வராது. என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் ஒரு பாட்டுப் பாடச் சொன்னார்கள். வாசிக்கட்டுமா என்று கேட்டேன். ஒருவர்கூட சரி என்று சொல்லவில்லை. போகட்டும், நல்லதாகப் போயிற்று.

முடிவு செய்துவிட்டேன். நானே ஒரு இலையுதிர்காலப் பியானோ எழுதப்போகிறேன். ஏழு நிமிடம். வார்த்தை கிடையாது. ஜனவரி 26, சபை நாளன்று வாசிப்பேன். நானூறு பேரும் வாயை மூடிக்கொண்டு கேட்க வேண்டும். இந்த ஒரு ஆசைதான்.

ஒரே சிக்கல், நான் இலையுதிர்காலத்தைப் பார்த்ததில்லை. வெளியே மழை கொட்டுகிறது.

டிசம்பர் 5

மைனி கண்டுபிடித்துவிட்டாள். மைனி என்றால் அண்ணன் மனைவி றோஸ்பெல். ஒரே வளவில் அவர்கள் வீடும் என் வீடும். நடுவில் சுவர் இருக்கிறது, ஆனால் மைனி அதை ஒரு பொருட்டாக நினைப்பதில்லை. நான் கைப்பேசியில் கனடா நாட்டு மரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாள்.

“என்னத்துக்குப் பிள்ளே இதுல போய் இலை பாக்கே? நம்ம ரப்பர் கொழியது ஒனக்கு இலையா தெரியலியா?”

எழுந்து நின்றுவிட்டேன். பின்னால் அண்ணனின் ரப்பர் விளை, முன்னூறு மரம். வருஷா வருஷம் ஜனவரியில் இலையெல்லாம் செம்பு நிறமாகி, சிவந்து, ஒரு மாதத்தில் மொத்தமும் கொட்டித் தீர்ந்துவிடும். மலை முழுக்க அப்படித்தான். நாற்பத்து நாலு வருஷமாக நான் அதைத் திட்டிக்கொண்டே பெருக்கித் தள்ளியிருக்கிறேன்.

டிசம்பர் 8

ரப்பர் ஆபீஸிலிருந்து ஒருவர் வந்தார். அண்ணனிடம் முன்பே பேசியிருந்தாராம். பின்விளையில் ஆறு மரத்தின் அடியில், தரையிலிருந்து இடுப்பு உயரத்தில், கொசுவலைபோல நாலு குச்சியில் வலை கட்டினார். எந்த நாளில் எத்தனை இலை விழுகிறது என்று எண்ணப்போகிறாராம். இதற்கு ஒரு ஆபீஸ், ஒரு சம்பளம். மைனி சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

பெயர் தியோடர் கனகராஜ். பாளையங்கோட்டைக்காரர். குலசேகரத்தில் வாடகைக்கு இருக்கிறார். இளநீலச் சட்டை, மணிக்கட்டு வரை பொத்தான். இடது கைப் பொத்தான் மட்டும் வேறு நிறம். கண்ணில் பட்டது, எழுதுகிறேன்.

டிசம்பர் 9

ரப்பர் ஆபீஸ் சார் காலை ஏழரைக்கு வந்தார். நான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். பேச்சுக்கு, எத்தனை என்று கேட்டேன். ஏழு என்றார். சொல்லிவிட்டு என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். இதை ஒரு மனுஷி கேட்பாள் என்று அவர் எதிர்பார்க்கவில்லைபோல.

டிசம்பர் 10

இன்றும் வந்தார். ஐந்து.

டிசம்பர் 11

பன்னிரண்டு.

பள்ளிக்கூடம் விட்டதும் நேராகச் சபைக்குப் போய்ப் பியானோவைத் திறந்தேன். முதல் வரியில் ஏழு சுரம். அடுத்த வரியில் ஐந்து. அடுத்ததில் பன்னிரண்டு. கணக்கு டீச்சருக்கு வேறெப்படித் தோன்றும்? ஆனால் வாசித்துப் பார்த்தால் புல்லரிக்கிறது. எங்கே விழும், எப்போது விழும் என்று தெரியாது, ஆனால் விழுகிறது. ஒரு நாளுக்கு ஒரு வரி. தினமும் வரி வளரும். திரும்பி வரும்போது பஸ்ஸில் சிரித்துக்கொண்டே வந்திருக்கிறேன். கண்டக்டர் சொல்லித்தான் தெரிந்தது.

வீட்டில் கீபோர்டில் மறுபடி வாசித்தேன். ஒரு தொல்லை. எதை வாசித்தாலும் முடிக்கும்போது என் கை தானாக ஆமெனுக்குப் போய்விடுகிறது. சபையில் எந்தப் பாட்டு முடிந்தாலும் கடைசியில் இரண்டு கூட்டுச் சுரம் வைப்பேன், எல்லோரும் ‘ஆமென்’ என்று இழுப்பார்கள். முப்பது வருஷப் பழக்கம். இன்றும் கை அங்கே போனது. சுவருக்கு அந்தப் பக்கம் மீன் கழுவிக்கொண்டிருந்த மைனி, வேலையை விடாமல் “ஆமென்” என்றாள்.

டிசம்பர் 14, ஞாயிறு

தியோடர் சார் நம் சபைக்கு ஆராதனைக்கு வந்தார். குலசேகரத்தில் அவர் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு சபை இருக்கிறது. ஒன்பது கிலோமீட்டர் வந்திருக்கிறார். அங்கே இடம் இல்லாமல் இருந்திருக்கலாம்.

ஆராதனை முடிந்து எல்லோரும் வெளியேறும்போது நான் வாசிக்கிற அந்த இரண்டு நிமிடம், அவர் எழுந்திருக்கவே இல்லை. செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன்.

டிசம்பர் 19

அரையாண்டுத் தேர்வு மேற்பார்வைக்குப் பத்து நிமிடம் தாமதம். தலைமையாசிரியை காரணம் கேட்டார். பஸ் என்றேன். முப்பத்தொரு இலை என்று எப்படிச் சொல்வது?

ரப்பர் இலையில் ஒரு விஷயம். ஒரு காம்பில் மூன்று இலை. சிலது மூன்றும் சேர்ந்தே இறங்கும், சிலது தனித்தனியாக. இதை தியோடர் சார் சொல்லித்தான் கவனித்தேன். எண்ணிக்கையைத் தொடாமல் தாளத்தை மட்டும் மும்மூன்றாக மாற்றி எழுதினேன். அதன் பிறகு இலை காற்றில் சுழன்று இறங்க ஆரம்பித்துவிட்டது. அதுவரை பொத்தென்று விழுந்துகொண்டிருந்தது.

டிசம்பர் 25

கிறிஸ்மஸ். நன்றாகத்தான் போனது. கேக் கருகிவிட்டது.

டிசம்பர் 27

வந்துவிட்டார். மூன்று நாள் ஊருக்குப் போயிருந்தார். வலையில் தொண்ணூற்றாறு இலை காத்துக் கிடந்தது. மூன்று நாளுக்கும் சேர்த்து என்று குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். வலையில் விழுந்த இலை எங்கும் போய்விடுவதில்லைபோல. நல்ல ஏற்பாடு.

ஊரிலிருந்து கருப்பட்டி மிட்டாய் கொண்டுவந்திருந்தார். வீட்டுக்கு என்று சொல்லித்தான் கொடுத்தார். மைனி வாங்க நீட்டிய கையைத் தாண்டி என்னிடம் கொடுத்தார். மைனி வெகுநேரம் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜனவரி 1

புத்தாண்டு. இன்றும் ஏழரைக்கு வந்தார். விடுமுறை இல்லையா என்று கேட்டேன். இலைக்கு விடுமுறை கிடையாது என்றார். என்ன ஒரு கடமை உணர்ச்சி.

ஜனவரி 2

தியோடர் சாருக்கு வயது நாற்பத்தேழு. மனைவி இறந்து ஆறு வருஷம். பிள்ளைகள் இல்லை. மீன் சாப்பிடுவார், கருவாடு ஆகாது. இரத்த அழுத்தம் இல்லை. இதெல்லாம் நான் கேட்கவில்லை. மைனி அவருக்குப் பால் விடாத கட்டன்சாயா கொடுத்த பத்து நிமிடத்தில் கறந்துகொண்டு வந்து, நான் கேட்காமலேயே இரண்டு தடவை சொன்னாள்.

ஜனவரி 8

இன்றைய நாளை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

நேற்று முழுக்கக் காற்று. காலையில் கதவைத் திறந்தால் விளை முழுவதும் செம்பு. தரை தெரியவில்லை. மேலே மரம் பாதி மொட்டை, பாதி சிவப்பு, அதன் நடுவே வெயில் இறங்குகிறது. கனடா எல்லாம் வரிசையில் பின்னால் நிற்க வேண்டும்.

ஆறு வலையும் நிறைந்து தொங்கின. ஒரு ஆளால் எண்ணி முடிக்கிற காரியம் இல்லை. பின்வாசல் படியில் அவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், நடுவில் இலை. பத்துப் பத்தாகக் குவித்தோம். அவர் நூறு சொன்னால் நான் இருநூறு சொன்னேன். நானூறில் எனக்குத் தவறிவிட்டது. அவர் கோபப்படாமல் முதலிலிருந்து எண்ணினார். மறுபடி நானூற்று அறுபதில் அவருக்குத் தவறியது. ஏன் என்று தெரியவில்லை, அப்போது நான் தலைமுடியை அள்ளி முடிந்துகொண்டிருந்தேன், பேசக்கூட இல்லை. மூன்றாவது தடவையில் சரியாக வந்தது. எழுநூற்று நாற்பது.

இரண்டாம் பாடவேளைக்குத்தான் பள்ளிக்குப் போனேன். தலையில் ஒரு இலைத் துண்டு இருந்திருக்கிறது. எட்டாம் வகுப்பு முழுவதும் பார்த்துவிட்டு எதுவும் சொல்லவில்லை. எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. யாருக்கும் வீட்டுப்பாடம் கொடுக்கவில்லை.

எழுநூற்று நாற்பது சுரத்தை ஒரே வரியில் வாசிக்க எனக்குக் கை இரண்டுதான். நூறைத் தாண்டினால் பத்து இலைக்கு ஒரு சுரம் என்று வைத்துக்கொண்டேன். எழுபத்து நாலு. மேல் கட்டையிலிருந்து அடிக் கட்டை வரை ஒரே இறக்கம். வாசித்து முடித்தால் மூச்சு வாங்குகிறது.

ஜனவரி 11, ஞாயிறு

போதகரிடம் சொன்னேன். எந்தப் பாட்டு என்று கேட்டார். பாட்டு இல்லை ஐயா, வாசிப்பு மட்டும் என்றேன். நல்லது, ஆனால் எந்தப் பாட்டு என்றார். மூன்று தடவை இதே மாதிரி சுற்றிவிட்டு, நிகழ்ச்சி நிரலில் ‘பியானோ’ என்று மட்டும் எழுதிக்கொண்டார்.

பக்கத்தில் பாக்கியசிங் சார் நின்றிருந்தார். எங்கள் கொயர் மாஸ்டர், இருபத்திரண்டு பேரை வைத்து நாலு குரலில் பாடவைப்பவர். நல்ல மனுஷர், ஆனால் எங்கே ராகம் சும்மா கிடந்தாலும் வார்த்தை வைக்காமல் விடமாட்டார். வாசித்துக் காட்டு என்றார். வாசித்தேன். கண்ணை மூடிக் கேட்டார். முடிந்ததும், நல்லா இருக்கு, எங்கே பாட ஆரம்பிக்கணும் என்றார்.

ஜனவரி 16

இருநூற்றுப் பத்து. இலை குறைகிறது. அவர் வருவது குறையவில்லை. ஆராய்ச்சிக்குக் கடைசிக் கட்டம்தான் முக்கியமாக இருக்கும்.

ஜனவரி 18, ஞாயிறு

நினைத்ததுதான். பாக்கியசிங் சார் என் ராகத்துக்குப் பாட்டு எழுதிவிட்டார். மூன்று சரணம். ‘உலர்ந்த சருகே, உணர்வடைவாய், மண்ணில் விழுமுன் மனந்திரும்பாய்.’ இலைக்கு மனந்திரும்ப நேரம் எங்கே இருக்கிறது? அதுவும் அவருடைய அடிக்கு ஏற்றபடி என் ஏழு, ஐந்து, பன்னிரண்டையெல்லாம் எட்டு எட்டாக ஆக்கியிருக்கிறார்.

எப்படி இருக்கு என்று கேட்டார். நான், பாக்கலாம் சார் என்றேன். என் வாயிலிருந்து இல்லை என்ற சொல் வராது. பாக்கலாம் என்பேன். ஊரில் எல்லோரும் அதைச் சரி என்று எடுத்துக்கொள்வார்கள். இப்படித்தான் இரண்டு தடவை சபைப் பெண்கள் ஐக்கியச் செயலாளர் ஆனேன்.

ஜனவரி 21

சபை வழியாக வந்தேன். உள்ளே இருபத்திரண்டு பேர் கையில் ஜெராக்ஸ் தாளோடு சருகை மனந்திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் கையில் கஞ்சிரா. வாசலிலேயே நின்றுவிட்டுத் திரும்பி வந்தேன். அழுகை வந்தது. இலைக்காக அழுகிறேனா எனக்காகவா என்று எனக்கே தெரியவில்லை. எனக்காகத்தான்.

ஜனவரி 22

மைனியும் கொயரில் இருக்கிறாள், இரண்டாம் குரல். இன்று பச்சை நிறத்தில் ஒரே மாதிரி சேலை எடுத்து வந்து காட்டினாள். என் முகத்தைப் பார்த்ததும் சேலையை மடித்து வைத்துவிட்டாள்.

“பாடக் கூடாதுன்னா பாடக் கூடாதுன்னு சொல்லணும் பிள்ளே. நீ சொல்லாம எங்களுக்கு எப்பிடித் தெரியும்? நாங்க என்ன தீர்க்கதரிசியளா?”

சேலை எடுத்தாச்சே மைனி என்றேன். சேலை உடுத்திக்கொண்டு சும்மா நிற்கவும் தெரியும் என்றாள். மைனியைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. என் கையெல்லாம் மீன் என்பதால் விட்டுவிட்டேன்.

ஜனவரி 24

ஒன்பது இலை. மரமெல்லாம் மொட்டை. வானம் முழுசாகத் தெரிகிறது.

கொயர் விஷயத்தைத் தியோடர் சாரிடம் சொல்லிவிட்டேன். அறிவுரை எதுவும் சொல்லவில்லை. பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார். பிறகு, “நான் பாட்டைக் கேக்க வரல டீச்சர்” என்றார். அவ்வளவுதான். இது நடந்தது காலை ஏழு முப்பத்தெட்டுக்கு. இப்போது மணி மாலை ஆறு. இன்னும் அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

ஜனவரி 25, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

ஆராதனை முடிந்து பாக்கியசிங் சார் பாட்டுப் புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்தார். நேரே போய் நின்றேன்.

“சார், இத பாட வேண்டாம். கேட்டா மட்டும் போதும்.”

புத்தகத்தைக் கீழே வைத்தார். “கேக்கதுக்கு மட்டும் எதுக்கு இருவத்திரெண்டு பேரு?”

“இருவத்திரெண்டு பேரு இல்ல சார். நானூறு பேரும்.”

அவர் முகம் வாடிவிட்டது. பொல்லாத மனுஷராக இருந்தால் எனக்கு எவ்வளவு சுலபமாக இருந்திருக்கும். மூன்று சரணத்தையும் பொங்கல் விடுமுறையில் உட்கார்ந்து எழுதியதாகச் சொன்னார். நல்ல வரிகள் சார், வேறு ராகம் போட்டுத் தருகிறேன் என்றேன். மீதிப் புத்தகங்களை அடுக்கினார். போகும்போது மட்டும், நாங்கள் பக்கத்தில் வரிசையாக நிற்போம், நீ தனியாகத் திணறினால் எடுத்துப் பாடுவோம், சபை முன்னால் உன்னைக் கைவிட முடியாது என்றார். உதவி செய்வதாகத்தான் சொன்னார். அதுதான் எனக்குப் பயம்.

ஜனவரி 26, திங்கள்

முதலில் காலை. ஆறு வலையிலும் பூஜ்யம். எழுபது நாள் காத்திருந்து கிடைத்த பூஜ்யம்போல அவர் அதைச் சொன்னார். எழுபது இல்லை, நாற்பத்தொன்பது. பூஜ்யத்தை எப்படி வாசிப்பது என்று பகலெல்லாம் யோசித்தேன்.

மாலை நாலு மணிக்கு நிகழ்ச்சி. சபை நிரம்பி, வெளியே பந்தலிலும் ஆட்கள். நான் எட்டாவது. கொயர் பச்சை வரிசையாகப் பியானோ பக்கத்தில் நின்றது, கையில் தாளோடு. மைனி தாளைச் சுருட்டி இடுப்பில் செருகியிருந்தாள். தியோடர் சார் மூன்றாவது வரிசை ஓரத்தில். சட்டையில் இரண்டு கைப் பொத்தானும் ஒரே நிறம்.

ஏழு வாசித்தேன். இருமல் தொடங்கியது. ஐந்து வாசித்தேன். பாக்கியசிங் சார், இது முன்னிசைதான் என்று நினைத்துக் கையைத் தூக்கினார். நான் பன்னிரண்டுக்குப் போனேன். கையை இறக்கினார். மறுபடி தூக்கினார், அப்போது நான் ஒன்பதில் இருந்தேன். எங்கே நுழைய முடியும்? ஒரு வரிபோல அடுத்த வரி இல்லை. நாலாவது தடவை தூக்கிய கையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். இருமல் எப்போது நின்றது என்று எனக்குத் தெரியாது. எழுநூற்று நாற்பதுக்கு வந்தபோது நின்றிருந்தது. மேலிருந்து கீழே எல்லா இலையையும் கொட்டினேன். பயமே இல்லை. உள்ளுக்குள் சிரித்துக்கொண்டே கொட்டினேன்.

கொட்டி முடிந்ததும் ஓர் அமைதியான இடம் வைத்திருந்தேன். ஒரு நொடி அசந்துவிட்டேன். முப்பது வருஷப் பழக்கமுள்ள என் கை இரண்டும், என்னைக் கேட்காமல், அங்கே கொண்டுபோய் ஆமெனை வைத்துவிட்டன.

நானூறு பேரும் எழுந்து நின்றார்கள். “ஆமென்” என்று இழுத்தார்கள். பந்தலிலிருந்தும் வந்தது. போதகர் நாற்காலியிலிருந்து எழுந்து, ஆசீர்வாதத்துக்கு இரண்டு கையையும் உயர்த்திவிட்டார். பின்வரிசையில் தேநீருக்குச் செருப்பு மாட்டும் சத்தம்கூடக் கேட்டது. இன்னும் இரண்டரை நிமிடப் பாட்டு பாக்கி இருக்கிறது.

என்ன செய்வது? எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே அடுத்த வரியை ஆரம்பித்தேன். இருநூற்றுப் பத்து.

போதகர் வாயைத் திறந்தவர் மூடிக்கொண்டார். ஆனால் தூக்கிய கையை எப்போது இறக்குவது என்று அவருக்குத் தெரியவில்லை. போதகர் கை மேலே இருக்கும்போது எங்கள் சபையில் யாரும் உட்காரமாட்டார்கள், நகரவும் மாட்டார்கள், பாடவும் மாட்டார்கள். பாக்கியசிங் சாரும் தலையைக் குனிந்து நின்றுவிட்டார். நானூறு பேர் கண்ணை மூடி, கையைக் கூப்பி, மூச்சு விடாமல் நின்று கேட்டார்கள். நான் கேட்டதைவிட அதிகமாகவே கொடுத்துவிட்டார்கள். நாற்பது. இருபத்தாறு. ஒன்பது. ஒன்று.

பிறகு பூஜ்யம். கையைக் கட்டையிலிருந்து தூக்கி மடியில் வைத்துக்கொண்டேன். ஒரு வரி நேரம் ஒன்றுமே வாசிக்கவில்லை. அதையும் கேட்டார்கள். மெயின் ரோட்டில் ஒரு பஸ் கியர் மாற்றிப் போகும் சத்தம் சபைக்குள் வந்து போனது. என் வாழ்நாளில் இப்படி ஓர் அமைதியை நான் உண்டாக்கியது கிடையாது.

கடைசியில் பாக்கியசிங் சார் தலையைத் தூக்கி, மெதுவாக, முடிஞ்சா என்று கேட்டார். முடிஞ்சு சார் என்றேன். போதகர் கையை இறக்கினார். தோள் வலித்திருக்கும்.

தேநீரின்போது ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். நல்லா இருந்தது, ஆனால் எந்தப் பாட்டு என்று பிடிபடவில்லை என்றார்கள். பாக்கியசிங் சார் வந்து, எட்டு எட்டாகப் பிரித்தது என் தப்பு என்றார். அவ்வளவு பெரிய மனுஷர் அப்படிச் சொன்னதும் எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

தியோடர் சார் எல்லோரும் போகும்வரை காத்திருந்து வந்தார்.

“அந்தப் பெரிய இறக்கத்துல எழுவத்திநாலு வரணும். எழுவத்திரெண்டுதான் வந்துச்சு.”

உண்மைதான். இரண்டு கட்டை தவறிவிட்டது. எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்திருந்தேன். கண்ணை மூடி விரல்விட்டு எண்ணியிருக்கிறார்.

ஜனவரி 28

பூஜ்யம். நாளையும் வந்து பார்த்தால்தான் உறுதியாகச் சொல்ல முடியுமாம்.

ஜனவரி 31

பூஜ்யம். ஆராய்ச்சிக்குப் பொறுமை வேண்டும். மைனி இப்போதெல்லாம் அவர் வந்தால் சாயா போட உள்ளே போகிறாள், திரும்பி வருவதே இல்லை. என்ன சாயாவோ.

பிப்ரவரி 3, செவ்வாய்

பள்ளிக்கு விடுப்புச் சொல்லிவிட்டேன். உடம்புக்கு ஒன்றும் இல்லை. அவர் இன்று வலை கழற்றுகிறார்.

குச்சிகளைப் பிடுங்கினார். நான் வலையின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டேன். மடிக்கத் தெரியாமல் மூன்று தடவை பிரித்து மடித்தோம். வேலை முடிந்ததா என்று கேட்டேன். முடிந்தது என்றார். இனி இந்தப் பக்கம் வரவேண்டியிருக்காதா என்று கேட்டேன். அவர் வலையைத் தரையில் வைத்தார்.

“ஒண்ணு சொல்லணும் டீச்சர். வாரத்துக்கு ஒரு நாள் எண்ணினாப் போதும்னுதான் ஆபீஸ்ல சொன்னாங்க.”

நான் குனிந்து வலையில் ஒட்டியிருந்த ஒரு காம்பை எடுத்தேன்.

“என் எண்ணிக்கையை அங்க யாரும் படிக்க மாட்டாங்க. பதினெட்டு வருஷமா எண்ணுதேன். மொத நாள் நீங்க எத்தனைன்னு கேட்டீங்க. மறுநாள் ஏழு மணிக்கெல்லாம் செருப்ப மாட்டிட்டேன்.”

நான் கணக்கு டீச்சர். அங்கேயே நின்று கணக்குப் போட்டேன். டிசம்பர் ஒன்பதிலிருந்து இன்று வரை ஐம்பத்தேழு நாள். கிறிஸ்மஸுக்கு ஊருக்குப் போன மூன்றைக் கழித்தால் ஐம்பத்து நாலு. வாரத்துக்கு ஒன்று என்றால் ஒன்பது நாள் வந்திருந்தால் போதும். மீதி நாற்பத்தைந்து நாளும் எனக்காக வந்திருக்கிறார். இவ்வளவு எளிய கழித்தலை நான் இரண்டு மாதமாகப் போடாமல் இருந்திருக்கிறேன். போட்டிருந்தால் விடை வந்துவிடுமே என்று பயம். இப்போது வந்துவிட்டது. அவரை எனக்குப் பிடித்திருக்கிறது. எழுதிவிட்டேன்.

சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு பாத்திரம் விழுந்தது. மைனி இவ்வளவு நேரமும் அங்கேதான் நின்றிருக்கிறாள்.

அவர் வலையைத் தூக்கி வண்டியில் கட்டினார். நாளைக்கு ஏழரைக்கு வாரேன் என்றார். எதற்கு என்று நான் கேட்கவில்லை.